கிலோ 167 ரூபாய்க்கு ஒரு கார்

எங்கள் தெருவில் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மஞ்சள் நிற டாடா நானோ வைத்திருக்கிறார். ஒருநாள் காலையில் டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாட்ட என்னைக் கூப்பிட்டார். ஸ்டெப்னி டிக்கியில் இருக்கும் என்று நான் பின்பக்கம் போக, "அங்க இல்ல தம்பி, முன்னாடி பானெட்டைத் திற" என்றார். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டெப்னி படுத்திருந்தது. பெட்ரோல் ஊற்றும் மூடியும் அங்கேயேதான். சரி என்று வீல் ஸ்பேனரோடு சக்கரத்தின் பக்கம் குனிந்தால், மூன்றே நட்டு. ஒன்று கழன்று விழுந்துவிட்டதோ என்று பதறினேன். "இதுக்கு மூணுதாம்ப்பா" என்றார் அவர்.

மிக மலிவான, நல்ல மைலேஜ் தரும் குட்டி வண்டி ஒன்றைச் செய்து சாமானியர் வாங்கும் விலைக்கு விற்க முடியுமா? இந்தக் கேள்வியை அந்த நான்காவது நட்டிலிருந்தே தொடங்கலாம்.

சாதாரண காரின் சக்கரத்துக்குக் குறைந்தது நான்கு நட்டு இருக்கும். ஒன்றைக் குறைத்தால் ஒரு காருக்கு நான்கு நட்டு மிச்சம். அதோடு நான்கு போல்ட்டு, போல்ட்டுக்குத் துளையிடும் வேலை, ஆலையில் அதை முறுக்கும் நேரம் எல்லாம் மிச்சம். ஆண்டுக்கு 2.5 லட்சம் கார் செய்யத் திட்டமிட்ட ஆலை அது. அப்படியென்றால் வருடத்துக்கு 10 லட்சம் நட்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால் வண்டி கனமாக இருந்தால் மூன்று நட்டு தாங்காது. எடை குறைவாக இருப்பதால்தான் நட்டையும் குறைக்க முடிந்தது. மலிவு வண்டிக் கணக்கு முழுவதும் எடை, எண்ணிக்கை என்ற இந்த இரண்டில்தான் அடங்கியிருக்கிறது. பலரும் நினைப்பதுபோல ஏதோ ஒரு அதிசய எஞ்சினைக் கண்டுபிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இல்லை.

முதலில் மைலேஜைப் பார்ப்போம். உண்மையில் சுலபமான பகுதி இதுதான்.

ஓடுகிற வண்டியை மூன்று விஷயங்கள் பிடித்து இழுக்கின்றன. முதலாவது டயர். தரையில் உருளும்போது டயர் நசுங்கி நசுங்கி மீள்கிறது, அதில் கொஞ்சம் சக்தி சூடாகப் போய்விடுகிறது. வண்டி எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு இந்த இழப்பு. இரண்டாவது காற்று. இது வண்டியின் எடையைப் பார்ப்பதில்லை. முகப்பு எவ்வளவு அகலம், உயரம், எந்த வடிவம் என்பதைத்தான் பார்க்கும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மூன்றாவது பிரேக். ஒவ்வொரு சிக்னலிலும் நிற்கும்போது, பெட்ரோலை எரித்துச் சேர்த்த வேகத்தை எல்லாம் பிரேக்கில் சூடாக்கித் தொலைக்கிறோம். 1,400 கிலோ வண்டி 700 கிலோ வண்டியைவிடச் சரியாக இரண்டு மடங்கு தொலைக்கும்.

தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். 600 கிலோ கார், உள்ளே இரண்டு பேர், மொத்தம் 750 கிலோ. சமதளச் சாலையில் 50 கி.மீ. வேகத்தில் போகும்போது டயர் ஏறக்குறைய 9 கிலோ விசையோடு பின்னால் இழுக்கும். காற்றும் கிட்டத்தட்ட அதே அளவு இழுக்கும். இந்த இரண்டையும் சமாளித்து அதே வேகத்தில் ஓட, சக்கரத்துக்கு மூன்றரை குதிரைத்திறன் போதும். 100 சி.சி. பைக்கின் எஞ்சின் தருவதில் பாதிகூட இல்லை! அதே காரை 100 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் 17 குதிரைத்திறன் வேண்டும். வேகம் இரண்டு மடங்குதான், தேவையான சக்தி ஐந்து மடங்கு. எரிபொருள் சிக்கனத்தில் யாருக்காவது உண்மையான அக்கறை இருந்தால் அவர்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான் என்பேன்.

அப்புறம் எஞ்சின். பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. தன் சக்தியில் கணிசமான பங்கைக் கொடுத்து உழைக்கும்போது சிக்கனமாக இருக்கும். சும்மா உருட்டிக்கொண்டிருந்தால் குடித்துத் தீர்க்கும். பத்துப் பேருக்குச் சமைக்கிற அடுப்பில் ஒரு டம்ளர் பால் காய்ச்சுவது போல. பெரிய எஞ்சின் நகரத்துக்குள் தன் திறனில் பத்தில் ஒரு பங்குகூடத் தராமல் ஓடுகிறது. நானோவில் இருந்தது இரண்டு சிலிண்டர், 624 சி.சி. எஞ்சின். பரிசோதனைச் சான்றில் லிட்டருக்கு 23.6 கி.மீ. என்று வந்தது. ஆக, எடை குறைந்த பாடி, சின்ன எஞ்சின், அடக்கமான வேகம் என்ற மூன்றும் சேர்ந்தால் மைலேஜ் தானாக வரும். எல்லோருக்கும் தெரிந்த இயற்பியல்தான்.

சிக்கல் விலையில்தான் தொடங்குகிறது.

ஃபோக்ஸ்வாகன் எக்ஸ்எல்1 என்று ஒரு கார் வந்தது. டீசல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓடுவது, 100 கி.மீ. போக 0.9 லிட்டர் டீசல் என்பது அதன் சான்றளவு. எடையைக் குறைக்கப் பாடியைக் கார்பன் இழையில் செய்தார்கள். விலை 1 லட்சம் யூரோவுக்கு மேல். மொத்தம் 250 வண்டிதான் செய்தார்கள். எடையைக் குறைக்க விலை உயர்ந்த பொருளைப் பயன்படுத்தினால் அந்தக் கார் சேமிக்கும் எரிபொருளை எத்தனை தலைமுறை ஓட்டினாலும் போட்ட காசு திரும்பாது. ஆகவே மலிவு வண்டி செய்கிறவருக்குச் சாதாரண எஃகைத் தவிர வேறு வழியில்லை. அதே எஃகை எப்படிக் குறைவாகப் போடுவது என்பதுதான் அவருடைய வித்தை.

இதற்கு நானோவிலிருந்தே ஓர் உதாரணம். அதன் ஸ்டியரிங் அமைப்பைச் செய்து கொடுத்தது சென்னையைச் சேர்ந்த ரானே குழுமம். வழக்கமாக அதற்குள் திடமான எஃகுத் தண்டு ஒன்று இருக்கும். அந்த இடத்தில் அவர்கள் எஃகுக் குழாயை வைத்தார்கள். உள்ளே வெற்றிடமாக இருந்தால் வலு போய்விடாதா? போகாது. தண்டை வளைத்தாலும் முறுக்கினாலும் வெளிவிளிம்பில் இருக்கும் உலோகம்தான் பெரும்பாலான பாரத்தை வாங்குகிறது. நடுவில் இருப்பது ஏறக்குறைய சும்மாதான் இருக்கிறது. மூங்கில் உள்ளே பொள்ளலாக இருந்தும் சாரத்தில் கொத்தனாரையும் செங்கல்லையும் சேர்த்துத் தாங்குகிறதே, அதே சூத்திரம். அதோடு, இரண்டு துண்டாகச் செய்து இணைக்கிற பாகத்தை ஒரே துண்டாக மாற்றி வடிவமைத்தார்கள். கடைசல் வேலை குறைந்தது, பொருத்துகிற வேலையும் குறைந்தது. இந்தியப் பொறியாளர்களின் உழைப்பைப் பற்றிப் பேசும்போது ராக்கெட்டைப் பற்றித்தான் பேசுகிறோம். இந்தக் குழாயைப் பற்றியும் பேச வேண்டும்.

எடைக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு: ஓரிடத்தில் குறைத்தால் அது மற்ற இடங்களிலும் தானே குறையும். பாடி லேசானால் சின்ன எஞ்சின் போதும். எஞ்சின் சிறியதானால் அதைத் தாங்கும் பாகங்களும் லேசாகும். மொத்த வண்டி லேசானால் 12 அங்குலச் சக்கரம் போதும், டிரம் பிரேக் போதும். எஞ்சினைப் பின்னால் வைத்ததால் முன்சக்கரங்களின் மேல் பாரம் குறைந்தது. பவர் ஸ்டியரிங் இல்லாமலேயே கையால் திருப்ப முடிந்தது. 3.1 மீட்டர் நீளத்துக்குள் நான்கு பேர் காலை மடக்காமல் உட்கார இடம் கிடைத்தது. மாருதி 800-ஐவிட நீளம் 8% குறைவு, உள்ளே இடம் 21% அதிகம் என்று டாடா நிறுவனம் சொன்னது. ஒரே ஒரு வைப்பர். ஆரம்ப மாடலில் ஏ.சி. இல்லை. பின்பக்க டிக்கிக் கதவு திறக்காது, அது திறந்தால் கீல், பூட்டு, ரப்பர் என்று எல்லாம் வேண்டும், போதாததற்குத் திறப்பு விட்ட பாடிக்குக் கூடுதல் வலுவும் கொடுக்க வேண்டும்.

இப்படியெல்லாம் செய்துதான் 2008 ஜனவரி 10-ஆம் தேதி டெல்லி வாகனக் கண்காட்சியில் ரத்தன் டாடா அந்தக் காரை மேடையேற்றினார். மழையில் ஸ்கூட்டரில் நான்கு பேராக நனைந்து போகும் குடும்பங்களைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்தது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். டீலர் விலை 1 லட்சம். வரியும் போக்குவரத்தும் தனி. வண்டியின் எடை 600 கிலோ. வகுத்துப் பாருங்கள், கிலோவுக்கு 167 ரூபாய். எஞ்சின், கண்ணாடி, சீட்டு, வயர், டயர் எல்லாம் சேர்த்து! இன்றைக்கு ஒரு கிலோ நல்லெண்ணெயின் விலை அதைவிட அதிகம்.

ஆகவே "செய்ய முடியுமா" என்ற கேள்விக்குப் பதில், முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள் என்பதுதான். அப்படியானால் ஏன் இன்று ஷோரூமில் அது இல்லை?

இங்கேதான் எண்ணிக்கை வருகிறது. கார் பாடியின் ஒவ்வொரு தகடும் பிரம்மாண்டமான பிரஸ்ஸில், அதற்கென்றே செதுக்கிய அச்சில் அழுத்தி எடுக்கப்படுவது. அச்சு, ரோபோ, வடிவமைப்பு, பரிசோதனை என்று முதல் கார் வெளியே வருவதற்குள்ளேயே பெரும் பணம் இறங்கிவிடும். உதாரணத்துக்கு 1,000 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் கார் விற்றால் ஒரு காரின் தலையில் 10,000 ரூபாய் விழும். 1 லட்சம் கார்தான் விற்றது என்றால் ஒரு காரின் தலையில் 1 லட்சம் விழும். 20 லட்ச ரூபாய் சொகுசுக் காரில் அந்த 1 லட்சத்தை மறைத்துவிடலாம். ஒரு லட்ச ரூபாய்க் காரில் எங்கே மறைப்பது? மலிவு வண்டி என்பதே கூட்டம் கூட்டமாக விற்றால்தான் மலிவாக இருக்க முடியும்.

நானோவுக்கு அந்தக் கூட்டம் வரவில்லை. மேற்கு வங்கம் சிங்கூரில் ஆலை எழும்பிக்கொண்டிருந்தபோது நிலப் போராட்டம் வலுத்து, 2008 அக்டோபரில் குஜராத்தின் சாணந்துக்கு மாற்றினார்கள். தங்கள் நிலத்துக்காகப் போராடிய விவசாயிகள் பக்கம் நியாயம் இருந்தது. அந்தத் தாமதத்தின் செலவும் வண்டியின் மேல்தான் விழுந்தது. 2009 மார்ச்சில் விற்பனைக்கு வந்தபோது 2 லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். முதல் 1 லட்சம் பேரைக் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் சாணந்து ஆலை ஓடத் தொடங்கவே 2010 ஜூன் ஆகிவிட்டது. சில வண்டிகள் தீப்பிடித்த செய்தியும் பரவியது. விற்பனை உச்சத்தில் இருந்த 2011-12 நிதியாண்டில்கூட 74 ஆயிரத்துச் சொச்சம்தான், ஆலையின் திறனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2018 ஜூனில் அந்த ஆலையில் ஒரே ஒரு நானோ செய்தார்கள்.

ஏன் வாங்கவில்லை? "உலகிலேயே விலை குறைந்த கார்" என்று சொல்லி விற்றதுதான் என்று நினைக்கிறேன். ரத்தன் டாடாவே பிற்பாடு இதை வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். நம் ஊரில் முதல் கார் என்பது பத்து வருடச் சேமிப்பு. வாசலில் கோலம் போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிற பொருள். "இருப்பதிலேயே மலிவானதைத்தான் வாங்கினேன்" என்று சொல்லிக்கொள்ள யாருக்கு மனம் வரும்? அந்தப் பெருமை தேவையற்றது என்று நான் சொல்ல மாட்டேன். அதைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் தப்புக் கணக்குப் போட்டார்கள்.

அடுத்தது பாதுகாப்பு. இதை மென்று விழுங்கக் கூடாது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு நானோவை 64 கி.மீ. வேகத்தில் மோதிப் பார்த்தது. ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அந்தச் சோதனையில் ஆல்டோ 800, ஐ10, ஃபிகோ, போலோ ஆகியவற்றின் ஏர்பேக் இல்லாத மாடல்களுக்கும் பூஜ்யம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் குட்டி வண்டிக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. மோதும்போது முன்பகுதி நசுங்கி, உள்ளே இருப்பவர் நிற்பதற்குக் கொஞ்சம் தூரம் கொடுக்க வேண்டும். 64 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க அரை மீட்டர் கிடைத்தால், உடம்பின் மேல் சராசரியாக அதன் எடையைப்போல 32 மடங்கு விசை விழும். கால் மீட்டர்தான் கிடைத்தது என்றால் 64 மடங்கு. 3.1 மீட்டர் காரில் அந்த அரை மீட்டரை எங்கே தேடுவது? தேடலாம், ஆனால் வலுவான எஃகுக் கூண்டு வேண்டும், ஏர்பேக் வேண்டும். எடையும் விலையும் மறுபடி ஏறும்.

சட்டமும் அதையே சொன்னது. 2017 அக்டோபரிலிருந்து புதிய மாடல்களுக்கு மோதல் சோதனை, 2019-இல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் ஓட்டுநர் ஏர்பேக்கும், 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாடு. எல்லாம் அவசியமானவைதான். இவற்றில் ஒரு நுட்பம் இருக்கிறது: இந்தப் பாகங்கள் வண்டி சிறியதானால் அதே விகிதத்தில் சிறுத்துவிடுவதில்லை. ஏ.பி.எஸ். என்றால் குட்டிக் காருக்கும் நான்கு சக்கரத்துக்கும் உணரி வேண்டும், பெரிய காருக்கும் அதே நான்குதான். புகையைச் சுத்திகரிக்கும் குடுவைக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகம் பூச வேண்டும், எஞ்சின் 600 சி.சி. ஆனாலும். ஆக, எவ்வளவு சுருக்கினாலும் கீழே இறங்காத ஒரு அடித்தளம் விலைக்கு உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் செய்யும் ரெனோ க்விட் இதே சிக்கனப் பாதையில் வந்ததுதான். அது வந்தபோது அதன் சக்கரத்திலும் மூன்று நட்டுதான் இருந்தது. 2015-இல் அது வந்த விலை 2.57 லட்சம். இன்று இந்தியாவில் ஒரு புதுக் கார் அந்த விலைக்குக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

அந்த அடித்தளத்துக்கும் கீழே போக ஒரு சந்து உண்டு: இதைக் கார் என்றே சொல்லாமல் இருப்பது. அமெரிக்காவில் பால் எலியோ என்பவர் மூன்று சக்கர வண்டி ஒன்றை வடிவமைத்தார். ஒருவர் பின்னால் ஒருவராக உட்காரும் இரண்டே சீட்டு, அதனால் முகப்பு குறுகலாகிக் காற்றின் இழுப்பு குறையும். கேலனுக்கு 84 மைல், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 36 கி.மீ. தரும், விலை 6,800 டாலர் என்று அறிவித்தார். மூன்று சக்கரம் என்பதால் அங்கே சட்டப்படி அது மோட்டார்சைக்கிள். 65,000 பேருக்கு மேல் பதிவு செய்தும், ஆலைக்கான முதலீடு சேரவே இல்லை. ஒரு வண்டிகூட வாடிக்கையாளர் கைக்குப் போகவில்லை. மாதிரி வண்டி ஓடியது, கணக்கும் சரியாகத்தான் இருந்தது. அச்சுக்கும் ஆலைக்கும் போட முன்பணம்தான் இல்லை.

நம் நாட்டில் பஜாஜ் க்யூட் அதே சந்தில் வந்தது. நான்கு சக்கரம், ஒரே சிலிண்டர், 216 சி.சி., உச்சவேகம் 70 கி.மீ., லிட்டருக்கு 35 கி.மீ. இதற்காகவே 'குவாட்ரிசைக்கிள்' என்று தனி வகை உருவாக்கினார்கள். சொந்த உபயோகத்துக்கு அனுமதி கிடைக்க 2018 ஆகிவிட்டது. விலை? ஏறக்குறைய 2.5 லட்சம். நானோவைவிட எடை குறைவு, எஞ்சின் மூன்றில் ஒரு பங்கு, ஆனாலும் விலை அங்கே போய் நின்றது. எண்ணிக்கை இல்லாவிட்டால் இப்படித்தான்.

எண்ணிக்கை கிடைத்தால் என்ன ஆகும் என்பதைச் சீனாவில் பார்க்கலாம். 2020-இல் வந்த வூலிங் ஹோங்குவாங் மினி என்ற மின்சாரக் கார், ஆரம்ப விலை 28,800 யுவான், அன்றைய மதிப்பில் 3 லட்சம் ரூபாயைச் சற்றே தாண்டும். எடை 665 கிலோ. 9 யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சேமிக்கும் சின்ன பேட்டரி, ஒரு சார்ஜில் 120 கி.மீ. என்பது நிறுவனக் கணக்கு. மின்வண்டியில் பேட்டரிதான் பெரிய செலவு என்பதால் அதைச் சிறுக்கவைத்து, "தினமும் எவ்வளவு தூரம் போகிறீர்கள்" என்று மட்டும் கேட்டார்கள். அடுத்த ஒரே ஆண்டில் சுமார் 4 லட்சம் கார் விற்றது. ஆரம்ப மாடலில் ஏர்பேக் இல்லை என்பதை நான் குறையாகவே சொல்வேன். ஆனால் மலிவு என்ற முகத்தோடு அதை விற்கவில்லை. பிடித்த நிறம், ஸ்டிக்கர் என்று இளைஞர்கள் ஆசையாக அலங்கரித்துக்கொள்ளும் பொருளாக விற்றார்கள்.

நம் ஊருக்கு இப்படி ஒன்று செய்வதென்றால் நான் கேட்பது இதைத்தான். 70 கி.மீ. வேகத்தோடு கட்டிப்போட்ட வண்டி. மேலே பார்த்த கணக்குப்படி அதற்குப் பைக் எஞ்சின் அளவோ சின்ன மோட்டாரோ போதும். மூன்று பேருக்கு இடம், கூரை, கதவு. வைப்பர் ஒன்று போதும், நட்டு மூன்று போதும். ஆனால் இருக்கையைச் சுற்றிய கூண்டிலும் சீட் பெல்ட்டிலும் ஏர்பேக்கிலும் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது. இதைக் கார் ஷோரூமில் வைக்காமல், மாதத் தவணைக்கு பைக் வாங்கப் போகிறவர் நுழையும் அதே கடையில், பைக்குகளுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.

பெரியவரின் வண்டிக்கு ஸ்டெப்னியை மாட்டி முடித்ததும் சாவியை என்னிடம் கொடுத்து, "பஞ்சர் கடை வரைக்கும் நீயே ஓட்டு" என்றார். சந்தைக்குப் போகும் குறுகலான தெருவில், எதிரே வந்த ஆட்டோவுக்கு ஒதுங்கியும் இடம் மிச்சமிருந்தது. லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டேன். "டவுனுக்குள்ள பதினெட்டு, வெளியே போனா இருபத்திரண்டு" என்றார், டேஷ்போர்டில் செருகியிருந்த பெட்ரோல் கணக்கு நோட்டை எடுத்துக் காட்டி.